ஆறாவது பேர்

முதலில் அது துடைப்பத்துக்குத்தான் கேட்டது. பதினான்காவது வரிசைக்கு அடியில் கிடந்த மிட்டாய்த் தாளை இழுத்துக்கொண்டிருந்தேன், கையிலிருந்த கம்பு தானாக நடுங்கியது. கம்பிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து நெஞ்சுக்கூட்டுக்கு. காதுக்கு வந்தது கடைசியாகத்தான். மேடையில் ஒரு பையன் நீளக் கழுத்துக் கிட்டாரின் தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை சுண்டியிருக்கிறான், அவ்வளவுதான். சுண்டிவிட்டு அவன்பாட்டுக்குக் குனிந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அடிவயிற்றில் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. சத்தத்துக்கு இவ்வளவு கனம் உண்டா? இந்தக் கல்லூரி அரங்கத்தைப் பதினெட்டு வருஷமாகக் கூட்டுகிறேன்; ஆண்டு விழா, பட்டிமன்றம், மந்திரி பேச்சு, எல்லாம் காதோடு போய்விடும். இது உடம்புக்குள் வருகிறது, கேட்காமல் கொள்ளாமல் வருகிறது. மணி மூன்று. நாலுக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் சூப்பிரண்டு. "மாரி, முன் வரிசை நாலும் பளபளன்னு இருக்கணும். அஞ்சரைக்கு உப்பளத்துப் பொம்பளையாட்கள் அறுபது பேரு வேன்ல வாராங்க. அவங்கதான் இன்னைக்குச் சிறப்பு விருந்தினர்" என்றார். எந்த அளம் என்று கேட்டேன், சும்மா கேட்கிற மாதிரி. சொன்னார். அப்போதிருந்து எனக்குக் கை ஓடவில்லை. முன் வரிசையைக் கடைசிக்கு வைத்துவிட்டுப் பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், என்னவோ மெதுவாகக் கூட்டினால் அந்த நாற்காலிகள் வராமலே போய்விடும் என்பதுபோல. எஸ்தரக்கா வருவாள். வராமல் இருப்பாளா, அவளுக்குத்தானே மாலை. நான் துடைக்கிற நாற்காலியில் அவள் உட்காருவாள். உட்காரட்டும். நாலரைக்கு மேல் எனக்கு இங்கே வேலை இல்லை, பஸ் பிடித்துப் போய்விடலாம், அறுபது பேரில் ஒருத்தி கண்ணிலும் படாமல் போய்விடலாம். இங்கே நான் வெறும் மாரி. பேரின் முன்பாதியை அளத்திலேயே விட்டுவிட்டு வந்தவள்.

மேடையில் நாலு பேர். எல்லாம் இருபது, இருபத்தொன்று. பெரிய டிரம்மின் முகத்தில் ‘பாத்தி’ என்று எழுதியிருந்தது, அதுதான் குழுவுக்குப் பேராம். பாத்தியாம். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீரில் நின்றால் இதுகளின் காலில் தோல் மிஞ்சாது, பேரைப் பார் பேரை. நடுவில் நிற்கிற பெண் ரெனிட்டா, மூன்றாம் வருஷம் படிக்கிறாள், வராந்தாவில் என்னைக் கண்டால் "சாப்ட்டீங்களாக்கா" என்று கேட்காமல் தாண்டமாட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் அந்த வாயா இப்படிக் கத்தும்? ஒலிவாங்கியில் ‘ஹே’ என்று ஒரு சத்தம் போட்டுப் பார்த்தாள், மேற்கூரைத் தகரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. பிறகு டிரம் பையன் ஆரம்பித்தான். தம். தம். தாம். என் கை நின்றுவிட்டது. தம், தம், தாம். என் குதிகால், இந்த ஐம்பத்தெட்டு வயசுப் பித்தவெடிப்புக் குதிகால், என்னைக் கேட்காமல் தரையை அழுத்தியது, மூன்றாவது அடியில், சரியாக மூன்றாவது அடியில். இது மிதிக்கிற அடி. உப்பு விளைவதற்கு முன்னால் பாத்தியின் தரையை இறுக்க வேண்டும். வரிசையாக நின்று, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு, களிமண்ணை மிதித்து மிதித்து நகர வேண்டும். இரண்டு அடி இலேசாக, மூன்றாவது அடி குதிகாலை ஊன்றி. எனக்கு முன்னால் எப்போதும் எஸ்தரக்கா. அவள் இடுப்பு எலும்பு என் இரண்டு உள்ளங்கையிலும் இன்னும் இருக்கிறது, முகத்தை நிமிர்ந்து பார்த்துத்தான் எத்தனையோ வருஷம் ஆயிற்று. இந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இவன் மண்ணையே மிதித்திருக்க மாட்டான். நாங்கள் காலால் மிதித்ததை இவன் கட்டிடத்தைக்கொண்டு மிதிக்கிறான். அதன்மேல் கிட்டார்கள் இரண்டும் சேர்ந்தன. தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம், அது அறுந்துவிடும் அறுந்துவிடும் என்று இருந்தது, அறவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்றுதான் நினைக்கிறேன். ரெனிட்டா பாடினாள்.

நாலு பக்கமும் தண்ணி கெடக்கு, நாக்கு நனைய சொட்டு இல்ல. மிதி தாயி மிதி. எஸ்தரக்காவின் பாட்டு. அவள் அதை எழுதவில்லை, எழுத அவளுக்குத் தெரியாது. மிதிக்கும்போது ஒருநாள் வாயில் வந்தது. கங்காணி கேட்டுவிட்டுச் சிரித்தான், சும்மா பாட்டுத்தானே என்று. ஒரு மாதம் கழித்து நாற்பத்தாறு பெண்களும் வேலைக்கு இறங்காமல் வரப்பிலே உட்கார்ந்தபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றே மூன்றுதான் கேட்டோம்: குடிக்கத் தண்ணீர், ஒதுங்க ஒரு மறைப்பு, வெயிலுக்கு ஒரு கொட்டகை. முப்பத்துநாலு வருஷம் ஆயிற்று. அந்த மறைப்பு இல்லாமல் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அடக்கி வைத்துக்கொண்டு உப்பு வாரினோமே, அதை நினைத்தால் இப்போதும் அடிவயிறு வலிக்கிறது. ரெனிட்டா அந்த வரியைப் பாடும்போது குரலைக் கிழித்தாள். வேண்டுமென்றே கிழித்தாள், எனக்குத் தெரிந்தது. அந்த வலிக்கு இந்தக் குரல்தான் சரி. நாங்கள் ஏன் அன்றைக்கு இப்படிக் கத்தவில்லை? வாயைப் பொத்திக்கொண்டு பாடுகிற மாதிரித்தானே பாடினோம். சரி, அடுத்த வரி என்ன, தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அப்புறம் கொட்டகை. கொட்டகைக்கு அப்புறம்? கொட்டகைக்கு அப்புறம் பேர். சே, அதையெல்லாம் இதுகள் பாடாது. இதுகளுக்கு எப்படித் தெரியும்? கேசட். சங்கத்து ஜேம்ஸ் சார் ஒருநாள் காலையில் டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையோரம் நின்றார், அதில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அந்த விளக்கை நான் பார்த்தேன். ஏனென்றால் வேறு எதையும் பார்க்க முடியாமல் நடந்துகொண்டிருந்தேன். ஸ்ட்ரைக்கின் இருபத்துமூன்றாம் நாள் நான் வேலைக்குப் போனேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் முந்தின நாளே விட்டிருந்தது. பசிதான், ஆனால் பசி எல்லாருக்கும்தான் இருந்தது. எனக்குச் சலித்துப்போயிருந்தது, அதுதான் நிஜம், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் ஐந்து பேர் போயிருந்தார்கள், நான் ஆறாவது. போகிறவளை யாரும் மறிக்கவில்லை, திட்டவில்லை. தினமும் காலையில் பாதையோரம் நாற்பது பேரும் நிற்பார்கள். பாட்டு கொட்டகைவரை வரும். அப்புறம் எஸ்தரக்கா உள்ளே போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். ஒரு பேருக்கு மூன்று அடி, காலிக் குடத்தின் வயிற்றில் உள்ளங்கையால் மூன்று அடி. மூன்றாவது அடிக்கு நாற்பது பேரும் திரும்பி முதுகைக் காட்டுவார்கள். பேசாமல் திரும்புவார்கள். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். நாற்பது முதுகு, வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்த நாற்பது ரவிக்கை. பதினெட்டு நாள் தினமும் அதைக் கடந்து போனேன். நாற்பத்தோராம் நாள் அவர்கள் ஜெயித்தார்கள், தண்ணீர்த் தொட்டி வந்தது. அந்தத் தொட்டித் தண்ணீரை நானும் குடித்தேன், யாரும் இல்லாத நேரம் பார்த்து.

கொட்டகை வரி முடிந்தது. எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்றது. அப்பாடா, முடிந்துவிட்டது, பிள்ளைகள் அதோடு விட்டுவிட்டார்கள் என்று மூச்சுவிட்டேன். பின்னால் இருந்த பெரிய திரையில் வெளிச்சம் வந்தது. பிச்சம்மாள், என்று எழுத்து. ஒரு ஆள் உயரத்துக்கு எழுத்து. ரெனிட்டா கையை மேலே தூக்கிக்கொண்டு "பிச்சம்மாள்!" என்று கூப்பிட்டாள், நாலு பேரும் சேர்ந்து மூன்று அடி அடித்தார்கள், அரங்கத்தின் கண்ணாடிக் கதவுகள் மூன்று தடவை அதிர்ந்தன. ரோசம்மா. மூன்று அடி. வேலம்மாள். இதுகள் இதை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கின்றன? ரெனிட்டாவின் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது, கோயிலில் சாமி பேரைச் சொல்லுகிறவள் முகம். ஞானப்பூ. கிட்டார்ப் பையன் குதிக்கிறான். கேசட்டில் பேர் இருக்கும், அடி இருக்கும், முதுகு எப்படி இருக்கும்? ஐயோ, முதுகுக்கு ஏது சத்தம். முத்துக்கிளி. அடுத்து நான்தான், எனக்குத் தெரியும், அதற்கப்புறம் யாரும் உள்ளே போகவில்லை, வரிசை என்னோடு நிற்கிறது. ஓடிவிடலாமா, கதவு பத்தடிதான். ஓடவில்லை. சந்தனமாரி. திரை முழுக்க என் பேர். பதினெட்டு வருஷமாக ஒருவரும் கூப்பிடாத முழுப்பேர், வெள்ளை வெளேரென்று. "சந்தனமாரி!" என்று அந்தப் பெண் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள், அடி விழுந்தது, இரண்டு வரிசைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாம். அந்த மூன்றாவது அடி நெஞ்செலும்பில் விழுந்தது. அப்போது எனக்கு ஒன்று புரிந்தது, பயத்துக்கு நடுவில், பயத்தையே மறக்கடிக்கிற மாதிரிப் புரிந்தது. அன்றைக்கு எனக்குக் கேட்ட சத்தம் இதுதான். அளவு பிசகாமல் இதுதான். அங்கே இருந்தது ஒரு காலிக் குடமும் ஒரு பெண்ணின் கையும். நூறடி தாண்டினால் கேட்காது. ஆனால் எனக்கு இப்படித்தான் கேட்டது, வானத்துக்கும் தரைக்கும் இடையில் வேறு எதற்கும் இடமில்லாத மாதிரி. எஸ்தரக்காவுக்கு இது தெரியாது, அவள் பாடினவள். ஜேம்ஸ் சாரின் பெட்டிக்கும் தெரியாது. உள்ளே போன ஆறு பேருக்குத்தான் தெரியும், ஆறு பேரும் வெளியே சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் எங்கிருந்தோ, கம்பியையும் கரண்ட்டையும் வைத்துக்கொண்டு, தாங்கள் என்ன பாடுகிறோம் என்றே தெரியாமல், அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. அழுதேன். வெட்கம் இல்லை, பெருமையும் இல்லை, இவ்வளவு பெரிய ஒன்றை முப்பத்துநாலு வருஷம் ஒற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி இறங்கினேனே என்று இருந்தது.

பாட்டு நின்றதும் காதுக்குள் ங்ங் என்று ஓடியது. இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரத்தில் எஸ்தரக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள், இந்தப் பேர்கள் திரையில் வரும், ஆயிரம் பிள்ளைகள் கைதட்டும். நான் வாயைத் திறக்காவிட்டால் சந்தனமாரி பெரிய வீராங்கனை. யார் கண்டது, கல்லூரியில் சிலைகூட வைப்பார்கள். திறந்தால் நாளையிலிருந்து வராந்தாவில் ஒவ்வொரு கண்ணும் என் முதுகில் இருக்கும். சூப்பிரண்டுக்குத் தெரிந்துவிடும், காண்டீன் பெண்களுக்குத் தெரிந்துவிடும். திருப்பூரில் இருக்கிற மகளுக்கு இது தெரியாது, அவளுக்கும் போய்ச் சேரும். சொல்லாதே, நாலரை பஸ்ஸைப் பிடி. அந்தப் பாட்டில் ஒரு பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் நாற்பது பேர். நின்ற நாற்பது பேரில் ஒருத்தி பேர்கூட அந்தப் பாட்டில் இல்லையே. நின்றவளின் பேரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவள் பக்கத்திலேயே நின்றாள். அவர்கள் வேனில் ஏறி வந்து, சேலை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, எங்கள் ஆறு பேருக்குக் கைதட்டுவதைப் பார்க்க வேண்டுமா? ரெனிட்டா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

"அக்கா, என்னக்கா கீழ உக்காந்துட்டீங்க? மயக்கமா? சத்தம் ரொம்பக் கூடிப்போச்சா?"

"சத்தம் கெடக்கட்டும் தாயி. அந்தப் பேருலாம் யாரு பேரு?"

"உப்பளத்துல போராடுனவங்கக்கா. ஸ்ட்ரைக்ல முன்னால நின்ன ஆறு பேரு. கேசட்டுல இருந்துச்சு. பேரச் சொல்லிச் சொல்லி அடிக்காங்க, கேட்டதும் எங்களுக்கு அப்படியே புல்லரிச்சிட்டு."

"முன்னால நின்னவங்கன்னு யாரு சொன்னா?"

அவள் யோசித்தாள். "யாரும் சொல்லல. பின்ன வேற யாரு பேரக்கா பாட்டுல வைப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதானே, வேறு யார் பேரை வைப்பார்கள்.

"எஸ்தரம்மாட்ட போனோம்க்கா" என்றாள், என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே. "பாடிக் காட்டுனேன். கண்ண மூடிக் கேட்டாங்க. இந்த ஆறு பேரும் இப்ப எங்க இருக்காங்க, மேடைக்குக் கூப்பிடணும்னு கேட்டேன். ‘எல்லாம் நம்ம பிள்ளைகதான், பேரு அப்படியே இருக்கட்டும், நல்லா சத்தமாப் பாடு’ன்னுட்டு உள்ள போயிட்டாங்க."

எஸ்தரக்கா அப்படிச் சொன்னாளா. நம்ம பிள்ளைகள் என்றா சொன்னாள். தெரிந்தே விட்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்தே. என் கண்ணில் மறுபடி தண்ணீர் வந்தது, கூடவே ஒரு கோபமும் வந்தது, சரியான கோபம். முப்பத்துநாலு வருஷத்தில் எத்தனை கல்யாண வீடு, எத்தனை துஷ்டி வீடு, ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசினாளா? பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பி மன்னிக்கிறாளாக்கும். யாரைக் கேட்டு மன்னித்தாள்? நான் கேட்டேனா? அந்த நாற்பது பேரைக் கேட்டாளா? அவள் மனசு பெரிசுதான், எப்போதுமே பெரிசு, அதனால்தான் அவள் முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சம். ஆனால் நான் போனது போனதுதான். அந்தச் சத்தத்தை நான் வாங்கியது வாங்கியதுதான். இப்போது போய் அதை மாலையாகக் கட்டிக் கழுத்தில் போட்டால், நான் வாங்கினது என்ன, சும்மா இரைச்சலா?

"ரெனிட்டா, இப்படி உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். "அது முன்னால நின்னவங்க பேரு இல்ல. ஸ்ட்ரைக்க விட்டுட்டு வேலைக்குப் போனவங்க பேரு."

சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு சிரிப்பு நின்றது. பாதை, குடம், மூன்று அடி, முதுகு என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கை என் முழங்கையிலிருந்து மெல்ல விலகியது, அதையும் பார்த்தேன். மேடையில் பையன்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படிக்கா இவ்வளவு தெரியும்?"

"ஆறாவது பேரு நான்தான்."

திரையைத் திரும்பிப் பார்த்தாள், அது அணைந்திருந்தது. "தெரியாமப் பண்ணிட்டோம்க்கா" என்றாள் கடைசியில், குரல் கம்மிவிட்டது, அவ்வளவு கத்தியும் கம்மாத குரல். "பேரெல்லாம் எடுத்துருதேன். கொட்டகையோட முடிச்சிருவோம்."

"எடுக்காத. அத எடுத்தா பாட்டு எதுக்கு? நீங்க அடிக்கீங்கள்லா, அந்த அடி சரி. சத்தத்தக் கொறைக்காத. அந்தத் திரை வேண்டாம், கையத் தூக்கிக் கும்பிடுத மாதிரி நிக்கியே, அது வேண்டாம். பேரச் சொல்லு. மூணாவது அடிக்கு நாலு பேரும் கூட்டத்துக்கு முதுகக் காட்டித் திரும்பிருங்க. அவ்வளவுதான்."

"எல்லாரும் திகைச்சுப்போவாங்களே."

"போகட்டும். நாங்களும் திகைச்சோம்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முன் வரிசைக்குப் போய், எஸ்தரக்காவுக்கான நடு நாற்காலியைத் துணியால் துடைத்தேன், அதற்குப் பக்கத்து நாற்காலியையும் துடைத்தேன். ரெனிட்டா பின்னாலேயே வந்து நின்றாள், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"அக்கா, நாங்க பாடும்போது நீங்க இங்கயா இருப்பீங்க?"

"பின்ன? என் பேரு வருதுல்லா."